குறை சொல்ல ஓர் ஆள்

அந்தப் பியானோவை யாரும் வாங்கவில்லை. வாடகைக்கு எடுத்த வீட்டோடு அதுவாகவே வந்தது. முன்பு குடியிருந்தவர்கள் அதை மாடிப்படியில் இறக்கப் பார்த்திருக்கிறார்கள். முதல் திருப்பத்திலேயே மாட்டிக்கொண்டதால் மறுபடி மேலே தள்ளி வைத்துவிட்டு, தப்பித்தோம் பிழைத்தோம் என்று போய்விட்டார்களாம். இறங்காத சாமான் எப்படித்தான் ஏறியது என்று வீட்டுக்காரரைக் கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. சாவியைக் கொடுக்கும்போதே கையை விரித்துவிட்டார்.

"இருந்தா இருந்துட்டுப் போகட்டும். வேண்டாம்னா உடைச்சு அடுப்புல வைங்க. என்னை மட்டும் கேக்காதீங்க."

அம்மா அதன்மேல் ஒரு போர்வையைப் போட்டு, இஸ்திரி போட வேண்டிய துணிகளை அடுக்கிவைத்தாள். அப்பாவுக்குத்தான் உறுத்தல். வீட்டில் எதுவும் சும்மா கிடக்கக் கூடாது என்பது அவர் கட்சி. அது சாமானுக்கும் பொருந்தும், பெண்களுக்கும் பொருந்தும். இரண்டையும் ஒரே கல்யாணமாக முடித்துவைப்பது போல, பெரிய மகளுக்கு ஒரு பியானோ டீச்சரைப் பேசி முடித்தார். சின்னவளுக்கு இல்லை. அவள் வாலு, ஓர் இடத்தில் உட்காரமாட்டாள் என்று வீடே ஒருமனதாகத் தீர்ப்பு எழுதிவிட்டது.

உட்காரமாட்டாள் என்று சொல்லப்பட்டவள், அக்காவுக்குப் பாடம் நடக்கும்போது மட்டும் அசையாமல் உட்கார்ந்தாள். வலது பக்கம் டீச்சரம்மாவின் நாற்காலி. ஆகவே இடது ஓரத்தில், கவிழ்த்துப் போட்ட வாளிமேல் இவள். அக்காவின் இடது கை இவள் மூக்குக்கு நேராக இருந்தது. வலது கை அக்காவின் உடம்புக்கு அந்தப் பக்கம், கண்ணில் படாமல் என்னமோ செய்துகொண்டிருந்தது.

டீச்சரம்மா செருப்பை மாட்டியதும் இவள் பெஞ்சில் ஏறுவாள். அக்காவின் இடது கை என்னென்ன செய்ததோ அத்தனையையும் அச்சு அசலாக வாசிப்பாள். வலது கை மடியில் சும்மா கிடக்கும். வீட்டுக்கு வந்தவர்கள், "என்ன பாப்பா, பாட்டு எப்போ ஆரம்பிக்கும்?" என்று கேட்பார்கள். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். முழுப் பாட்டையும் வாசித்து முடித்துவிட்டல்லவா உட்கார்ந்திருக்கிறாள்! மேலே வருகிற மெட்டு அக்காவின் இலாகா, அதற்கு இவள் என்ன செய்ய முடியும்?

அக்காவுக்கு இது ரொம்ப வசதியாகப் போயிற்று. அவளுக்கு இடது கை வேலை என்றாலே வேப்பங்காய். "நீ கீழ பாத்துக்கோடி, நான் மேல பாத்துக்கறேன்" என்று பாதிச் சுமையைத் தங்கை தலையில் கட்டிவிட்டாள். இரண்டு பேரும் ஒட்டி உட்கார்ந்து வாசித்தால் கேட்க நன்றாகவே இருக்கும். டீச்சரம்மாவுக்குத்தான் கடைசிவரை விளங்கவில்லை. பெரியவளின் வலது கை வாரத்துக்கு வாரம் தேறுகிறது, இடது கை மட்டும் ஏன் பின்னால் போகிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டார்.

அக்காவுக்குக் கல்யாணமாகி, அதே ஊரின் மறுகோடிக்குப் போனாள். அவளோடு மெட்டும் போய்விட்டது. சின்னவள் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து, முதன்முறையாக வலது கையை வேலைக்குக் கூப்பிட்டாள். அது வராது என்றது. காதில் இருந்த மெட்டைக் கட்டைகளில் தடவித் தடவித் தேடினாள். தேடும்போது விரல் தப்பான கட்டையில் விழும். விழுந்த இடம் நன்றாக இருந்தால் அங்கிருந்தே மேற்கொண்டு போவாள். சரியான மெட்டு கிடைப்பதற்குள் இரண்டு தப்பான மெட்டுகள் கிடைத்தன, அவை அவளுக்கு அதைவிடப் பிடித்திருந்தன. இப்படித்தான் அவள் இசையமைப்பாளர் ஆனாள். இதற்கு வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது, இருப்பதாகப் பின்னாளில் அவள் பேட்டியில் சொன்னதெல்லாம் சும்மா.

ஒருமுறை ஓர் ஓட்டலின் வரவேற்பறையில் வாசிக்கக் கூப்பிட்டார்கள். வாசித்துக்கொண்டிருக்கும்போது விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தில் ஒரே குழப்பம்.

"ஏம்மா, கீழ வர்றது எனக்கு நல்லாத் தெரிஞ்ச பாட்டு. மேல வர்றது யாரோடது?"

"என்னோடதுதான் சார்."

"அப்போ அந்தப் பாட்டோட மெட்டு எங்க போச்சு?"

"கல்யாணமாகிப் போயிடுச்சு சார்" என்றாள்.

அப்பா அந்த வீட்டைக் காலி செய்தபோது பியானோவை இறக்கப் பார்த்தார்கள். அதே முதல் திருப்பம். அதே மாட்டல். வீட்டுக்காரர் தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார். பியானோ மறுபடி மேலே போயிற்று. சின்னவள் வாய்விட்டு அழுதாள். பிறகு பழைய சாமான் கடையில் ஒரு மின்சாரக் கீபோர்டு கிடைத்தது. கட்டை எல்லாம் பிளாஸ்டிக், சத்தம் எல்லாம் கொசு. அதை வைத்துக்கொண்டு இரண்டு டேப் ரெக்கார்டர்களை எதிரெதிரே உட்காரவைத்தாள். ஒன்றில் வாசித்துப் பதிவு செய்வாள். அதை ஓடவிட்டு, கூடவே இன்னொன்றை வாசித்து, இரண்டையும் அடுத்த ரெக்கார்டரில் பிடிப்பாள். அடுக்க அடுக்கப் பின்னணியில் மழை பெய்கிற மாதிரி இரைச்சல் ஏறும். பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலும் உள்ளே வந்துவிடும்.

கேசட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போவாள். அக்கா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பாள். முடிந்ததும் கத்தியைக் கீழே வைப்பாள். அது தீர்ப்புக்கான சைகை.

"குக்கர் விசில் ஒண்ணுதான் சரியான இடத்துல வருது."

அல்லது, "ஆரம்பிக்கறதுக்கே இவ்ளோ நேரமா? நான் குழம்பே வச்சு இறக்கிடுவேன்."

சின்னவள் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவாள். ராத்திரி சாப்பாட்டுக்குள் கோபம் வடிந்துவிடும். மறுநாள் அக்கா சொன்ன இடத்தை மாற்றிப் பார்ப்பாள். அக்கா சொன்னது சரியாக இருக்கும். அதுதான் எரிச்சல். அக்கா பியானோவைத் தொட்டுப் பல காலம் ஆகிவிட்டது, காது மட்டும் அப்படியே கூர்மையாக இருந்தது. அக்கா குறை சொல்லாத பாட்டு முடிந்த பாட்டில்லை என்று சின்னவள் மனதில் ஒரு கணக்கு விழுந்துவிட்டது.

பிழைப்புக்கு ஒரு வீடியோ ஸ்டூடியோவில் சேர்ந்தாள். மற்றவர்கள் வீட்டு விசேஷங்களை வெட்டி ஒட்டி, பின்னணி இசை சேர்க்கிற வேலை. முதலாளி சொல்லிக்கொடுத்தது ஒரே பாடம்: "அழுதா சோகமாப் போடு, சிரிச்சா ஜாலியாப் போடு." மீதியைப் பொத்தான்களைத் தட்டித் தட்டித் தானே கற்றுக்கொண்டாள். அந்தத் தட்டலில் ஒரு குடும்பத்தின் பிறந்தநாள் வீடியோ முழுக்கத் தாளத்துக்கு ஏற்ப வெட்டுப்பட்டுப் போயிற்று. ஒருவர் தும்முகிறார், தாளத்தில். பாட்டி பல்செட்டைச் சரிசெய்கிறாள், தாளத்தில். வழுக்கைத் தலையில் வெளிச்சம் படும் இடத்தில் சரியாக ஒரு மணிச் சத்தம். முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். அந்தக் குடும்பமோ விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, சொந்தக்காரர்களுக்கெல்லாம் பிரதி கேட்டது.

அன்றைக்கு அவளுக்கு ஒன்று பிடிபட்டது. கண்ணுக்குத் தெரிவதும் காதுக்குக் கேட்பதும் சேர்ந்து விளையாடலாம். அதற்குப் பிறகு அவள் ஓயவில்லை. கம்ப்யூட்டர் வந்தது, அதில் இசை கோக்கக் கற்றாள். படத்தை அசைக்கக் கற்றாள். புரொஜக்டரை வாடகைக்கு எடுத்து, கிடங்குச் சுவர்மேல் மழைத்துளிகளை ஓடவிட்டு, ஒவ்வொரு துளிக்கும் ஒரு சுரம் வைத்தாள். யாரிடமும் போய்க் கற்கவில்லை; கேட்டிருந்தால் பாதி நாளில் முடிகிற விஷயத்துக்குப் பாதி வருஷம் மல்லுக்கட்டியதும் உண்டு. கல்யாணம் ஒன்றைத்தான் அவள் சொந்த முயற்சியில் கற்றுப் பார்க்கவில்லை. எதைச் செய்து முடித்தாலும் முதலில் அக்கா வீட்டு அடுப்படிக்குத்தான் போகும். கேசட் போய் சிடி வந்தது, சிடி போய் லேப்டாப் வந்தது, வெங்காயமும் கத்தியும் மாறவில்லை.

ஒரு மதியம் புதிதாகச் செய்ததைப் போட்டுக்காட்டினாள். முடிந்தது. அக்கா கத்தியைக் கீழே வைக்கவில்லை. வெங்காயத்தைப் பார்த்தபடி, "நல்லா இருக்கு" என்றாள்.

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். அக்கா இந்த வார்த்தையைச் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

"எது நல்லா இருக்கு?"

அக்கா பதில் சொல்லவில்லை. இவள் எழுந்து அக்காவின் முதுகுப்பக்கம் போய் நின்று, அதே கேள்வியைச் சத்தமாகக் கேட்டாள். அக்கா திரும்பவே இல்லை. அடுப்படி வாசலில் நின்ற அத்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

கொஞ்ச காலமாகவே டிவி சத்தம் தெருமுனை வரை கேட்கிறது என்று குடும்பமே கேலி செய்துகொண்டுதான் இருந்தது. அது கேலிக்குரிய விஷயம் இல்லை என்று இப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. டாக்டர், பரிசோதனை, காதுக் கருவி எல்லாம் ஆயிற்று. கருவியைப் போட்டால் பேச்சு அரைகுறையாக விழுந்தது. பாட்டைப் போட்டால் மாடிப்படியில் பாத்திரம் உருள்கிற மாதிரி இருக்கிறது என்று அக்கா கழற்றி மேசைமேல் வைத்தாள். நாளாக ஆக அந்த அரைகுறைப் பேச்சும் போயிற்று. எதிரில் இருப்பவர் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகினாள்.

"இனிமே எதையும் இங்க கொண்டு வராதே" என்று தங்கையிடம் சொல்லிவிட்டாள். "எனக்குக் கேக்கல. கேக்கற மாதிரி மூஞ்சிய வச்சுக்க எனக்கு வரல. விட்டுடு."

சின்னவள் விட்டுவிட்டாளா என்றால், அவள் ஜாதகத்திலேயே அது கிடையாது. ஆனால் என்ன செய்வதென்றும் தெரியவில்லை. புதிதாக எதையாவது தொடங்குவாள், பாதியில் கை நின்றுவிடும். யாருக்காக முடிப்பது? ஊரில் நாலு பேர் அவளைப் பாராட்டத்தான் செய்தார்கள், அந்தப் பாராட்டு தண்ணீர் கலந்த பால் மாதிரி தொண்டையில் ருசியே இல்லாமல் இறங்கியது. அக்காவை இழக்கவில்லை, அக்கா பஸ் தூரத்தில்தான் இருக்கிறாள். அக்காவின் காதை இழந்ததற்கு யாரிடம் போய் அழுவது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

ஒருநாள் அக்கா வீட்டில் வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா போகிற போக்கில் அதன் மூடிமேல் உள்ளங்கையை வைத்தாள். "இன்னும் முடியல. கடைசிச் சுத்துல இருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தாள். சின்னவள் வாயில் வைத்த டீயை விழுங்க மறந்தாள்.

அன்றே வேலை தொடங்கிவிட்டது. ஒலியை நடுக்கமாக மாற்றிப் பலகைக்குக் கொடுக்கும் சின்னச் சின்னக் கருவிகள் கிடைக்கின்றன; அவற்றை ஒரு மர மேடையின் அடியில் பொருத்தினாள். மேடையையும் அவளே அடித்தாள். முதல் மேடை ஆள் உட்கார்ந்ததும் கிரீச்சென்று அழுதது, இரண்டாவது மேடை ஆடியது, மூன்றாவதைப் பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் நின்றது. கீழ்ச்சுரங்கள் எல்லாம் பலகை வழியாகப் பாதத்துக்கு ஏறும். மெட்டுக்குச் சுவரில் வெளிச்சம். முதலில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு நிறம் கொடுத்தாள், துணிக்கடை விளம்பரம் மாதிரி ஆகிவிட்டது. எல்லாவற்றையும் கழித்துக்கட்டி, ஒரே ஒரு வெள்ளைக் கோட்டை மட்டும் வைத்துக்கொண்டாள். அது ஏறும், இறங்கும், தயங்கும், நிற்கும்.

பரிசோதனைக்கு அகப்பட்டவர் அத்தான். காதில் பஞ்சை அடைத்து மேடைமேல் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். நல்ல மனிதர், மறுப்பே சொல்லவில்லை. பாட்டு முடிவதற்குள் குறட்டை வந்துவிட்டது.

"எப்படி அத்தான் இருந்தது?"

"கால் வலி போயிடுச்சும்மா" என்றார் மனதார.

இவரை நம்பிப் பயனில்லை என்று தானே அக்காவாக மாறினாள். காதில் ரப்பர் அடைப்பான், அறை ஸ்பீக்கர்கள் அணைப்பு, வெறுங்கால். மாதக்கணக்கில் அப்படியே வேலை செய்தாள். காதால் கேட்டுச் செய்வதைக் காலால் கேட்டுச் செய்யப் பழகினாள். சின்ன வயதில் வாளிமேல் உட்கார்ந்து கற்றதைவிட இது கஷ்டமாக இருந்தது. பால்காரர் வந்து கதவைத் தட்டினால் தெரியாது. தட்டின அதிர்வு தரை வழியாக வந்தால், அதையும் பாட்டின் தாளம் என்று நினைத்து, "கொஞ்சம் வேகம்" என்று திட்டிக்கொண்டே பாட்டைச் சரிசெய்வாள்.

ஊரில் ஒரு சின்னக் கலைக்கூடம் இடம் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் என்று முடிவாயிற்று. அக்காவைக் கூப்பிடப் போனாள். அக்கா பிடிகொடுக்கவில்லை.

"எல்லாரும் பாட்டு கேப்பாங்க, நான் அவங்க மூஞ்சியப் பாத்துட்டு உக்காரணுமா? போடி."

சின்னவள் அக்காவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். "நல்லா இருக்குன்னு சொல்ல எனக்கு வேற ஆளுங்க இருக்காங்க அக்கா. குறை சொல்லத்தான் ஆள் இல்ல."

அக்கா வெகுநேரம் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சேலை இஸ்திரி போடணும்" என்று எழுந்து போனாள். வருகிறாள் என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்துவிட்டது. ஸ்டூடியோ முதலாளி குடும்பத்தோடு முதல் வரிசையில். மேடைமேல் ஒரே நாற்காலி, அதில் அக்கா, செருப்பைக் கழற்றிவிட்டு. விளக்கு அணைந்தது. சின்னவள் பின்னால் கருவிகளுக்கு நடுவே, ஒரு பாதத்தை மேடை விளிம்பில் வைத்துக்கொண்டு தொடங்கினாள்.

சுவரில் கோடு எழுந்தது. அக்காவின் முதுகு விறைப்பாக இருந்தது. பஸ்ஸில் பக்கத்து ஸீட் ஆள் பிடிக்காதபோது உட்காருவாளே, அந்த மாதிரி. கோடு ஏறியது, இறங்கியது. முதுகு அசையவில்லை. இத்தனை மாத உழைப்பும் வெறும் வாஷிங் மெஷின் மூடி அதிர்வாகவே முடிந்துவிடுமோ என்று சின்னவள் பயந்தாள். அப்போது அக்காவின் கால் கட்டைவிரல் பலகையை ஒருமுறை அழுத்தியது. பிறகு எல்லா விரல்களும். கொஞ்ச நேரத்தில் வலது கை முழங்கால்மேல் வந்து உட்கார்ந்து, சுவரில் கோடு போகிற வழியில் விரல்களை ஓட்டத் தொடங்கியது. சின்னவள் பார்த்தாள். அவளுக்குக் கண் மறைத்தது.

முதல் வரிசையில் முதலாளியும் மனைவியும் ஏதோ கிசுகிசுத்தார்கள். அக்கா சுவர் வெளிச்சத்தில் ஓரக்கண்ணால் அவர்களின் வாயசைவைப் பார்த்துவிட்டாள். திரும்பி, தன் சத்தம் எவ்வளவு என்று தனக்கே தெரியாத அந்தக் குரலில், கூடமே அதிரச் சொன்னாள்.

"பேசாதீங்க! பாட்டு போயிட்டிருக்கு!"

முதலாளி வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்குப் பின்னால் இருந்த மொத்தக் கூடமும் மூச்சை அடக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தது.

அத்தான் குனிந்தபடியே பின்பக்கம் வந்தார். சின்னவள் பழக்கதோஷத்தில் இன்றைக்கும் காதில் மாட்டியிருந்த ரப்பர் அடைப்பானை மெல்லப் பிடுங்கினார். "ஏம்மா, சத்தம் எப்போ வரும்?" என்றார்.

அவளுக்கு அப்போதுதான் கேட்டது. மின்விசிறி ஓடும் சத்தம். யாரோ ஒருவர் தும்மலை அடக்கும் சத்தம். மேடைக்கு அடியிலிருந்து பழைய ஃப்ரிட்ஜ் மாதிரி லேசான முனகல். அவ்வளவுதான். மாதக்கணக்கில் அணைத்தே வைத்திருந்த ஸ்பீக்கர்களை இன்றைக்கும் போடவில்லை. முதலிலிருந்தே போடவில்லை. கூடம் நிறைய மனிதர்கள் ஒரு வெள்ளைக் கோட்டைப் பார்த்தபடி, புரியாததை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டுக்கொண்டு, மரியாதையாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

கை தானாகச் சுவிட்சுக்குப் போனது. இப்போது போட்டால் நடுப்பாட்டு திடீரென்று இடி மாதிரி விழும், ஆட்கள் துள்ளுவார்கள், அக்கா திரும்பிப் பார்ப்பாள். அக்காவின் விரல்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. சின்னவள் கையை எடுத்துவிட்டாள். கேட்கட்டும் என்று விட்டாள். கேட்கிறவள் ஒருத்தி கேட்கிறாள்.

கோடு நின்றது. விளக்கு வந்தது. கைதட்டுவதா வேண்டாமா என்று கூடம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. அக்கா எழுந்து நேராகத் தங்கையிடம் வந்தாள்.

"நடுவுல ரொம்ப நீட்டிட்டே. கடைசியில முடிஞ்ச பிறகும் முடிக்க மனசில்லாம சுத்திச் சுத்தி வர்றே. அந்தக் கோடு ஒரு இடத்துல மேல போகுது, காலுக்கு அப்போ எதுவுமே வரல. தூங்கிட்டியா?"

சின்னவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள், மூக்கைத் துடைக்கக் கைக்குட்டை இல்லாமல் அத்தானின் துண்டை இழுத்தாள். அக்கா கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன்டி யாருமே கை தட்டல? அவ்ளோ மோசமா இல்லையே."

"அவங்களுக்கு எதுவுமே கேக்கல அக்கா" என்றாள் இவள், உதடு தெளிவாகத் தெரியும்படி. "ஸ்பீக்கர் போட மறந்துட்டேன். நீ மட்டும்தான் கேட்டே."

அக்கா வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களை நன்றாக ஒருமுறை பார்த்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, என்ன நடந்தது என்று தெரியாமல் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு, முதலாளி உட்பட அத்தனை பேர்.

"ஐயோ பாவம்" என்றாள். திரும்பிப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்து, பாதங்களைப் பலகையில் பதித்துக்கொண்டாள்.

"முதல்லேருந்து போடு. அவங்களும் கேக்கட்டும்."